ஆகஸ்டு 7: ஒரு தேதியின் வரவு செலவு

நாட்காட்டியில் ஒரு நாள் என்பது ஒரு தாள். அதைக் கிழித்தெறிந்ததும் அந்த நாள் தீர்ந்தது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். சங்கத்தின் நாள்வழிப் புத்தகத்தில் அப்படியன்று. அங்கே ஒவ்வொரு தேதிக்கும் கீழே அன்று வந்தது என்ன, போனது என்ன, நின்றது என்ன என்று எழுதப்பட்டிருக்கும். தாள் பழுப்பேறினாலும் பாக்கி பாக்கிதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்டு 7 அன்று, ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். தேசிய கைத்தறி நாள் என்பதால் சங்கக் கட்டடத்தில் தோரணம் கட்டி, ஒலிபெருக்கி வைத்து, மூத்த நெசவாளர் சிலருக்கு மாலையிட்டனர். விழா முடிந்தபின், மாலை வாங்கிய முதியவர் ஒருவர், அந்த மாலையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடியே என்னிடம் வந்தார்.

“ஐயா, இந்தத் தேதியை ஏன் எங்கள் நாள் என்று வைத்தார்கள்? அன்று என்ன நடந்தது?” என்று கேட்டார்.

“1905ஆம் ஆண்டு இதே நாளில் சுதேசி இயக்கம் தொடங்கிற்று, பெரியவரே” என்றேன்.

“தொடங்கியவர் யார்?”

“காந்தியடிகள்” என்று சற்றும் தயங்காமல் சொல்லிவிட்டேன்.

அவர் தலையசைத்துவிட்டு, தம்முடைய பாஸ் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். நெய்து கொடுத்த இரண்டு சேலைகளுக்குரிய கூலி ஏழு வாரமாகப் பற்றெழுதப்படாமல் இருந்தது. அன்றைய விழாச் செலவோ நாள்வழியில் அன்றே ஏறியிருந்தது. இதனை என் அறிக்கையில் குறித்தேன். அடுத்த வாரமே கூலி பட்டுவாடா ஆயிற்று. சங்கத்தின் பிழை அவ்வாறு நேராயிற்று. ஆனால் என் பிழை நேராகவில்லை. வீட்டிற்கு வந்து புத்தகங்களைப் புரட்டியபோது, அந்த முதியவருக்கு நான் சொன்ன பதில் தவறு என்று கண்டேன். பட்டம் பெற்றவன், பிறர் கணக்கைத் தணிக்கை செய்கிறவன், செலவுச் சீட்டு இல்லாத ஒரு பதிவை வாயால் எழுதிவிட்டேன். அக்கடனைத் தீர்ப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

‘இன்ன நாளில் இன்னார் பிறந்தார், இன்னது நடந்தது’ என்னும் செய்திகளைப் பத்திரிகைகளில் நாம் ஆவலோடு படிக்கிறோம். பிள்ளைகள் பொது அறிவுத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். இச்செய்திகளை நாள்வழியைப் படிப்பது போல் படித்தால் பயன் அதிகம். பதிவு சரியா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு, அந்த நாள் நமக்குத் தந்தது என்ன, நம்மிடம் கேட்பது என்ன என்று பார்க்க வேண்டும். ஆகஸ்டு 7 என்னும் ஒரே தேதியை எடுத்துக்கொண்டு இதனைச் செய்து பார்ப்போம்.

கல்கத்தா நகர மண்டபம், 1905

1905ஆம் ஆண்டு வைசிராயாக இருந்தவர் கர்சன் பிரபு. வங்காள மாகாணத்தை இரண்டாகப் பிரிக்கும் முடிவு அவ்வாண்டு ஜூலை மாதம் வெளியாயிற்று. அதனை எதிர்த்து ஆகஸ்டு 7, திங்கட்கிழமையன்று கல்கத்தா நகர மண்டபத்தில் பெருங்கூட்டம் கூடியது. மாணவர்கள் ஊர்வலமாக வந்து சேர்ந்தனர். பிரிவினை நீங்கும் வரையில் பிரிட்டிஷ் சரக்குகளை வாங்குவதில்லை என்னும் தீர்மானம் அங்கே நிறைவேறியது. சுதேசி இயக்கத்தின் முறையான தொடக்கம் இதுவே.

அப்போது காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். அவர் இந்தியாவுக்குத் திரும்பியது 1915ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில்தான். கதரும் இராட்டையும் அவர் பெயரோடு இணைந்துவிட்டபடியால், சுதேசி என்றதும் நாம் அவர் பெயரைச் சொல்லிவிடுகிறோம். 1905ஆம் ஆண்டின் தீர்மானம் வங்காளத்துத் தலைவர்களும் மாணவர்களும் வணிகர்களும் சேர்ந்து செய்தது. நான் அந்த முதியவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

அத்தீர்மானத்தின் அலை நம் பக்கமும் வந்தது. தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906ஆம் ஆண்டு சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தை நிறுவினார் என்பதை யாவரும் அறிவர். அவர் தரும சங்க நெசவுச் சாலை என்று ஒன்றையும் ஏற்படுத்தியவர் என்பதை நெசவாளர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

வங்கப் பிரிவினை 1911ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இரத்தாயிற்று. ஆனால் அந்நியத் துணி விலக்கு அதுவரையில் முதல் வேகத்தோடு நிற்கவில்லை. காரணம் யாதெனில், விலக்கிய துணியின் இடத்தை நிரப்பப் போதிய சுதேசித் துணி கிடைக்கவில்லை. கிடைத்ததும் விலை அதிகம். கைத்தறிக்குத் தேவை கூடியது உண்மை. பம்பாய் ஆலைகளுக்கும் நல்ல விற்பனை. ஆயினும் ஏழைக் குடியானவருக்கு உறுதிமொழியைக் காட்டிலும் துணியின் விலை பெரிதாக இருந்தது. வாங்குவோரின் மனம் தயாராக இருந்தபோது, சரக்கு தயாராக இல்லை. இந்தப் பாடத்தைக் கட்டுரையின் இறுதியில் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

ஜக்கார்டு மறைந்த நாள், 1834

நம் தறிகளில் சேலையின் கரையிலும் முந்தானையிலும் பூவேலை செய்ய, மேலே ஒரு பெட்டியும் அதிலிருந்து தொங்கும் அட்டைச் சரமும் இருக்கின்றன. அதனை ஜக்கார்டு என்கிறோம். அது ஒரு மனிதரின் பெயர் என்பதைப் பலர் அறியார். ஜோசப் மாரி ஜக்கார்டு, பிரான்சு நாட்டில் பட்டு நெசவுக்குப் பேர்போன லியோன் நகரில், ஒரு நெசவாளரின் மகனாகப் பிறந்தவர். அவர் மறைந்த நாள் 1834ஆம் ஆண்டு ஆகஸ்டு 7. அவர் பிறந்தது 1752ஆம் ஆண்டு ஜூலை 7. இரண்டும் ஏழாம் தேதியே ஆதலால், பிறப்பையும் இறப்பையும் மாற்றி எழுதிவிடுவது எளிது. கவனம் வேண்டும்.

அவருக்கு முன் பூவேலைத் தறிக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒருவர் நாடாவை ஓட்டுவார். மற்றொருவர், பெரும்பாலும் ஒரு சிறுவன், ஒவ்வோர் ஊடைக்கும் எந்தப் பாவு இழைகள் உயர வேண்டுமோ அவற்றின் கயிறுகளைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பான். காஞ்சிபுரத்திலும் ஜக்கார்டு வருமுன் ‘அடை’ என்னும் கட்டமைப்பைக் கொண்டு, துணைக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டே பூவேலை செய்தனர்.

ஜக்கார்டின் ஏற்பாடு அந்தச் சிறுவனின் வேலையை அட்டைக்குக் கொடுத்தது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே நுழைந்துவிடும். அதற்குரிய கொக்கி தன் இடத்திலேயே நின்று, மேலே எழும் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். பாவு இழை உயரும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளும். கொக்கி விலகிவிடும். இழை உயராது. துளை உண்டு, துளை இல்லை என்னும் இந்த இரண்டே சொற்களைக் கொண்டு மயிலும் மாங்காயும் யானையும் துணியில் எழுதப்படுகின்றன.

இவ்வேற்பாடு முழுவதும் ஒருவரே நினைத்துச் செய்ததன்று. பூஷோன், பால்கோன், வோகான்சோன் ஆகிய மூவர் பதினெட்டாம் நூற்றாண்டில் தனித்தனியே துளைத்தாளும் அட்டையும் உருளையும் கொண்டு முயன்றிருந்தனர். அவர்கள் விட்ட இடத்திலிருந்து எடுத்து, அன்றாட நெசவுக்கு உதவும் வகையில் முடித்தவர் ஜக்கார்டு. 1804ஆம் ஆண்டு வாக்கில் இது நிறைவெய்தியது. மறு ஆண்டு நெப்போலியனின் அரசு அதனைப் பொதுச் சொத்தாக்கி, ஜக்கார்டுக்கு ஆண்டுக்கு 3,000 பிராங்கு ஓய்வூதியமும், ஓடும் தறி ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும் விதித்தது. வேலை போய்விடும் என்று அஞ்சிய லியோன் நெசவாளர்கள் அவரைக் கடுமையாக எதிர்த்தனர். அந்த அச்சத்தைப் பழிப்பதற்கில்லை. கயிறிழுத்தவர்களின் வேலை போயிற்று என்பது உண்மையே. எனினும் 1812ஆம் ஆண்டுக்குள் பிரான்சில் சுமார் 11,000 ஜக்கார்டுத் தறிகள் ஓடின.

இங்கே கூட்டுறவு அங்கத்தினர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கண்டுபிடித்தவருக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. கண்டுபிடிப்போ எல்லோருக்கும் பொதுவாயிற்று. சங்கத்தில் ஒருவர் நல்ல வடிவம் ஒன்றை அமைத்தால், அவருக்கு உரிய ஊதியம் கொடுத்து, வடிவத்தைச் சங்கத்தின் பொதுவுடைமையாக வைத்துக்கொள்வதற்கு இதனினும் நல்ல முன்மாதிரி வேண்டுவதில்லை.

அட்டையிலிருந்து கணிப்பொறிக்கு, 1944

ஜக்கார்டு மறைந்த சில ஆண்டுகளுக்குப் பின், 1839இல், அவருடைய உருவப்படத்தையே லியோனில் பட்டில் நெய்தனர். அதற்கு ஆன அட்டைகள் சுமார் 24,000. இப்படத்தின் ஒரு பிரதியை வைத்திருந்தவர் சார்லஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர். துணியில் பூவை எழுதும் அட்டை, பொறியில் கணக்கையும் எழுதலாமே என்று அவர் எண்ணினார். தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்குத் துளையிட்ட அட்டைகளையே கருவியாகக் கொண்டார். அப்பொறி அவர் காலத்தில் முடியவில்லை.

ஜக்கார்டு மறைந்து சரியாக 110 ஆண்டுகள் ஆன நாளில், அதாவது 1944ஆம் ஆண்டு ஆகஸ்டு 7 அன்று, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ‘மார்க் 1’ என்னும் பெருங்கணிப்பொறி முறைப்படி ஒப்படைக்கப்பட்டது. அதன் நீளம் 51 அடி. ஒரு பெருக்கலுக்குச் சுமார் 6 வினாடி எடுத்துக்கொண்டது. இன்றைய கைப்பேசியோடு ஒப்பிட்டால் அது ஆமை. ஆனால் அதற்குக் கட்டளைகள் எவ்வாறு கொடுக்கப்பட்டன தெரியுமா? துளையிட்ட காகிதச் சுருளின் மூலமாகத்தான். துளை உண்டு, துளை இல்லை என்னும் நெசவாளரின் எழுத்து அங்கேயும் வேலை செய்தது. இரண்டும் ஒரே தேதியில் அமைந்தது தற்செயல். தறியிலிருந்து கணிப்பொறிக்குச் சென்ற வழி தற்செயலன்று.

கும்பகோணத்தில் பிறந்த ஒரு பிள்ளை, 1925

இனி விவசாய அங்கத்தினர்களுக்கு உரிய பதிவு. 1925ஆம் ஆண்டு ஆகஸ்டு 7, வெள்ளிக்கிழமையன்று கும்பகோணத்தில் பிறந்தவர் எம். எஸ். சுவாமிநாதன். தந்தையார் மருத்துவர். மகனும் மருத்துவம் படிப்பதாகத்தான் இருந்தது. 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்ட செய்தி அவருடைய போக்கை மாற்றிற்று. கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார்.

அவருடைய பணியை விவசாயிகளுக்கு விளங்கும்படி சுருக்கமாகச் சொல்லலாம். பழைய கோதுமை இரகங்கள் உயரமானவை. உரம் அதிகம் இட்டால் கதிர் கனத்துப் பயிர் சாய்ந்துவிடும். உரத்தைத் தாங்கி நிற்கக் குட்டையான, தண்டு உறுதியான இரகம் வேண்டும். மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கியிருந்த குட்டை இரகங்களைத் தருவித்து, நம் நிலத்துக்கு ஏற்பச் சோதித்து, உழவர்களின் வயல்களிலேயே பயிரிட்டுக் காட்டினார் சுவாமிநாதன். அக்காலத்து உணவு, வேளாண்மை அமைச்சர் சி. சுப்பிரமணியம் துணைநின்றார். 1966இல் 18,000 டன் விதை மெக்சிகோவிலிருந்து கப்பலில் வந்தது. 1964-65இல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1967-68இல் சுமார் 1.65 கோடி டன்னாக உயர்ந்தது.

வரவை மட்டும் எழுதினால் கணக்கு முடியாது. நீரை வரம்பின்றி இறைத்து, மண்ணின் வளத்தைக் காக்காமல், மருந்தைக் கண்டபடி தெளித்தால் பெருங்கேடு வரும் என்று 1968ஆம் ஆண்டு ஜனவரியிலேயே எச்சரித்தவரும் அவரேதான். விளைச்சல் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் சொன்ன சொல் அது. இன்று ஆழ்துளைக் கிணறு வற்றிக் கிடக்கும் ஊர்களில் அந்தப் பற்றுச் சீட்டு நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பின்னாளில் தேசிய விவசாயிகள் ஆணையத்தின் தலைவராக இருந்து, உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் கூட்டி ஆதார விலை அமைய வேண்டும் என்று பரிந்துரைத்தார். 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 28 அன்று மறைந்தார். மறு ஆண்டு பாரத ரத்னா அளிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டு 7 அவருடைய நூற்றாண்டு நிறைவு நாள்.

தாகூர் மறைந்த நாள், 1941

இரவீந்திரநாத தாகூர் கல்கத்தாவில் மறைந்ததும் ஓர் ஆகஸ்டு 7தான். ஆண்டு 1941. கவிஞருக்கும் கூட்டுறவு சங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நிரம்ப உண்டு. தம் குடும்பத்து நிலங்கள் இருந்த பதிசர் என்னும் ஊரில், குடியானவர்களை வட்டிக்காரரிடமிருந்து மீட்பதற்காக 1905ஆம் ஆண்டு விவசாய வங்கி ஒன்றை ஏற்படுத்தினார். 1913இல் கிடைத்த நோபல் பரிசுப் பணத்தையும் அதிலேயே போட்டார். மறு தலைமுறை நிலத்தை அறிய வேண்டும் என்று மகன் ரதீந்திரநாதரை 1906இல் அமெரிக்காவுக்கு அனுப்பி வேளாண்மை படிக்க வைத்தார். 1922இல் சாந்திநிகேதனுக்கு அருகே ஸ்ரீநிகேதன் என்னும் கிராமச் சீரமைப்பு நிலையத்தைத் தொடங்கி, பயிர்த்தொழிலோடு நெசவு முதலிய கைத்தொழில்களையும் வளர்த்தார்.

பதிசர் வங்கி நிலைக்கவில்லை. கொடுத்த கடன் திரும்பி வராமையால் பின்னாளில் நொடித்தது. நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. போட்டதோ உலகப் புகழ் பெற்ற பரிசுப் பணம். இருந்தும் தவணைப் பாக்கி அதனைத் தின்றுவிட்டது. கடன் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் இதனை ஒரு முறையேனும் நினைத்துப் பார்த்தல் நலம்.

சுதேசி இயக்கத்தின் தொடக்கத்தில் முன்னின்றவர்களுள் தாகூரும் ஒருவர். ஆயினும் ஏழை வியாபாரியின் துணியைப் பிடுங்கி எரிப்பதை அவர் ஏற்கவில்லை. ‘வீடும் உலகமும்’ என்று தமிழில் பொருள்படும் 1916ஆம் ஆண்டு நாவலில் அந்தத் துன்பத்தையே எழுதினார்.

இங்கே ஒரு நாட்காட்டி விந்தையும் உண்டு. வங்காளத்தார் தாகூரின் மறைவை ஆகஸ்டு 7 என்று நினைவுகூர்வதில்லை. தங்கள் நாட்காட்டிப்படி ஸ்ராவணம் 22 என்றே கொள்கின்றனர். மேற்கு வங்காளத்தில் அது ஆகஸ்டு 7 அல்லது 8இல் வரும். வங்காள தேசத்தில் நாட்காட்டியைத் திருத்தி அமைத்துவிட்டபடியால் அங்கே ஆகஸ்டு 6இல் வருகிறது. அவர்களுடைய ஸ்ராவணமும் நம்முடைய ஆடியும் ஒரே சூரிய மாதமே. ஆகவே தமிழ்க் கணக்கிலும் ஆகஸ்டு 7 ஏறக்குறைய ஆடி 22 ஆகும். ஆடிப்பட்டத்தில் விதைத்தவர்கள் முளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாள்.

கடல் கடந்த ஒரு விவசாயிகள் சங்கம், 1960

மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் என்னும் நாடு பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது 1960ஆம் ஆண்டு ஆகஸ்டு 7. உலகிலேயே கோகோ அதிகம் விளைவது அந்நாட்டில்தான். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ வைத்திருப்போர் இதனை அறிந்திருப்பார்கள்.

அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் பெலிக்ஸ் ஊபுவே-புவாஞி ஒரு மருத்துவர், தோட்டக்காரரும் ஆவார். அவர் 1944ஆம் ஆண்டு ஆப்பிரிக்க விவசாயிகளைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். அக்காலத்தில் ஆப்பிரிக்கரைக் கட்டாயமாகப் பிடித்து வேலை வாங்கும் வழக்கம் இருந்தது. அதனை எதிர்த்த சங்கம் அது. 1946ஆம் ஆண்டு அவர் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த சட்டம் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் கட்டாய உழைப்பை ஒழித்தது. விவசாயிகள் ஒன்றுகூடி அமைத்த ஒரு சங்கத்திலிருந்து ஒரு நாட்டின் விடுதலை வரையில் பாதை போயிற்று.

சில்லறை வரவுகள்

பெரும் பதிவுகளோடு சில சுவையான சிறு பதிவுகளும் இத்தேதியில் உண்டு.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 7 அன்று தோர் ஹெயர்டால் என்னும் நார்வே நாட்டவரும் அவர் தோழர் ஐவரும், ‘கோன்-டிக்கி’ என்னும் கட்டுமரத்தில் தென்னமெரிக்காவிலிருந்து பசிபிக் கடலில் 101 நாள் மிதந்து சென்று ஒரு பவளத் திட்டில் மோதிக் கரை சேர்ந்தனர். ஒன்பது பெரிய மரங்களை ஓர் ஆணிகூட இல்லாமல் சணல்வகை நார்க் கயிற்றாலேயே கட்டியிருந்தனர். கயிறு தேய்ந்து அறுந்துவிடும் என்று பலர் அஞ்சினர். ஆனால் அந்த மென்மையான மரத்தினுள் கயிறு அழுந்திப் பதிந்து பத்திரமாகவே இருந்தது. நாரை நம்பியவர்களை நார் கைவிடவில்லை.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 7 அன்று தோக்கியோ ஒலிம்பிக்கில் நீரஜ் சோப்ரா ஈட்டியை 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். தடகளத்தில் இந்தியா பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அவர் பானிபட் மாவட்டத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பானிபட்டோ கம்பளத்துக்கும் போர்வைக்கும் பெயர் பெற்ற நெசவூர்.

மற்றொன்று கணக்குப் புதிர். ஆகஸ்டு 7 எந்தக் கிழமையில் வருகிறதோ, அதே ஆண்டு அக்டோபர் 2, காந்தி ஜெயந்தியும் அதே கிழமையில்தான் வரும். எந்த ஆண்டானாலும் இது தப்பாது. ஆகஸ்டில் மீதி 24 நாள், செப்டம்பரில் 30 நாள், அக்டோபரில் 2 நாள், கூட்டினால் 56. அதாவது சரியாக எட்டு வாரம். பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். இந்தப் புதிரில் விளையாட்டைவிடப் பெரிய பயன் ஒன்றும் உண்டு. அதனை இனிச் சொல்கிறேன்.

கைத்தறி நாளும் நம் கடமையும்

1905ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் நினைவாகவே ஆகஸ்டு 7 தேசிய கைத்தறி நாளாக அறிவிக்கப்பட்டது. முதல் விழாவைப் பிரதமர் நரேந்திர மோடி 2015ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிவைத்தார். அன்றும் வெள்ளிக்கிழமை. 2019-20ஆம் ஆண்டு எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நெசவாளரும் நெசவு சார்ந்த தொழிலாளருமாக 35.22 இலட்சம் பேர். அவர்களுள் 70 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பெண்கள். மேடையில் மாலை வாங்குவோர் பெரும்பாலும் ஆண்களாகவே இருப்பதைக் காணும்போது, இந்த எண்ணிக்கை நினைவுக்கு வர வேண்டும்.

1905இல் வாங்குவோர் தயாராக இருந்தனர், சரக்கு தயாராக இல்லை என்று முன்னர்க் கூறினேன். இன்றும் அக்டோபர் 2 அன்று கதரும் கைத்தறியும் வாங்க வேண்டும் என்ற எண்ணத்தோடு மக்கள் கடைக்கு வருகிறார்கள். அதைத் தொடர்ந்து தீபாவளி. அவர்கள் கேட்கும் நிறமும் விலையும் அந்த நாளில் அலமாரியில் இருக்க வேண்டுமானால், பாவு எப்போது தறியில் ஏற வேண்டும்? காந்தி ஜெயந்திக்கு இன்னும் எட்டே வாரம் என்று கைத்தறி நாள் நமக்கு மணியடித்துச் சொல்லுகிறது. ஆகவே சங்கங்கள் இந்நாளை மூன்று காரியங்களால் கொண்டாடலாம் என்பது என் கருத்து.

முதலாவது, அன்று வரையில் நெசவாளருக்குக் கொடுக்க வேண்டிய கூலிப் பாக்கியைப் பெயர்வாரியாக எடுத்து, விழாச் செலவு எழுதுமுன் அதனைத் தீர்த்தல். இரண்டாவது, சரக்கிருப்பைப் பார்த்து, எது தேங்கியது, எது தீர்ந்தது என்று அறிந்து, அடுத்த எட்டு வாரத்துக்கு எந்தத் தறியில் எது என்று பங்கிட்டு, நூலுக்கும் சாயத்துக்கும் அன்றே ஏற்பாடு செய்தல். மூன்றாவது, விவசாயக் கடன் சங்கமாயின், ஆடிப்பட்டத்துக்குக் கொடுத்த கடனின் தவணைத் தேதிகளை அங்கத்தினருக்கு அன்றே நினைவூட்டல். கவிஞரின் வங்கிக்கு நேர்ந்தது நமக்கு நேர வேண்டாம்.

மறு ஆண்டு அதே சங்கத்துக்கு மீண்டும் செல்லும் வாய்ப்பு நேர்ந்தது. அந்த முதியவரைத் தேடிச் சென்று, “பெரியவரே, சென்ற ஆண்டு தங்களுக்குத் தவறான பதில் சொன்னேன்” என்று தொடங்கி, கல்கத்தாக் கூட்டத்தையும், காந்தியடிகள் அப்போது கடல் கடந்து இருந்ததையும், ஜக்கார்டு மறைந்த நாளும் அதுவே என்பதையும் கூறினேன். அவர் தறியை நிறுத்திவிட்டு, மேலே இருந்த பெட்டியைச் சற்று நேரம் நிமிர்ந்து பார்த்தார்.

“அட்டை அறுந்தால் கட்டத் தெரியும் ஐயா. இதை அமைத்தவர் ஒரு நெசவாளர் வீட்டுப் பிள்ளை என்பது இன்றுதான் தெரிந்தது” என்றார்.

பிறகு பாஸ் புத்தகத்தை நானே கேட்டு வாங்கிப் பார்த்தேன். கூலி அந்தந்த வாரமே பற்றெழுதியிருந்தது.